கடலைக் குறிக்கும் 'சீ' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் எது?

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு போன்றவற்றின் மூதாதையான தொல் ஜெர்மானிய மொழியில் இதை 'சைவிஸ்' என்று மீட்டுருவாக்குகிறார்கள். அதுவரை சரி. அதற்கு முன்னால் போனால்தான் சிக்கல்: லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எதிலும் உறுதியான உறவுச்சொல் கிடைக்கவில்லை. 'சொட்டுதல், ஊற்றுதல்' என்ற பொருளுள்ள வேரோடு சிலர் இணைக்கிறார்கள். ஜெர்மானிய மொழி வருவதற்கு முன்பே வட ஐரோப்பாவில் வாழ்ந்தவர்களிடம் கடன் வாங்கியது என்பது இன்னொரு கருத்து.

முதலில் இது தேங்கிய நீரைத்தான் குறித்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 4ஆம் நூற்றாண்டில் காத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் வந்த பைபிள் மொழிபெயர்ப்பில் கெனேசரேத்து ஏரிக்கு 'சைவ்ஸ்' என்ற சொல் வருகிறது. ஜெர்மனில் 'சே' ஆண்பாலானால் ஏரி, பெண்பாலானால் கடல். அப்புறம் டச்சைப் பாருங்கள்: அங்கே 'சே' கடல், 'மேர்' ஏரி. ஜெர்மனிலோ அதே 'மேர்' கடல்!