தவக்காலத்தில் ஒர்கன் வாசிக்கலாமா?

கேள்வி: தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்தில்) ஒர்கனை அறவே நிறுத்த வேண்டுமா? திருப்பலியின் தொடக்கத்தில் பாடும் புகழ்ப்பாடலான 'உன்னதங்களிலே' கீதத்தையும் முற்றாகத் தவிர்ப்பதா?
- பாடகர் குழாம் பொறுப்பாளர், மட்டக்களப்பு

பதில்: நிறுத்தத் தேவையில்லை. கத்தோலிக்கத் திருப்பலி ஒழுங்கின்படி, தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்கலாம் என்பதால், பாடலின்றித் தனியாக வாசிக்கப்படும் இசைதான் விலக்கப்படுகிறது. நான்காம் ஞாயிறன்றும் பெருவிழாக்களிலும் அந்தத் தடையும் இல்லை. 'உன்னதங்களிலே' தவக்கால ஞாயிறுகளில் பாடப்படாது. எனினும், வழக்கமாக மார்ச் 19இல் வரும் புனித சூசையப்பர் பெருவிழாவிலும், மார்ச் 25இல் வரும் மங்கள வார்த்தைப் பெருவிழாவிலும், பெரிய வியாழன் மாலைத் திருப்பலியிலும் பாடப்படும். அல்லேலூயாவோ அந்நாள்களிலும் இல்லை. ஈஸ்டருக்கு முந்திய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில்தான் அது திரும்பும். வாரந்தோறும் புதுப் பாடல்களைத் தேடுவதைவிட, தியானப் பாடலுக்கு ஒரே எளிய மெட்டைக் காலம் முழுவதும் வைத்திருப்பதையே நான் வற்புறுத்துவேன். அப்போது பின்வரிசை முதியவர்களும் புத்தகமின்றிச் சேர்ந்து பாடுவார்கள்.