அரசே நாணயத்தை மட்டமாக்கினால் கடன் கொடுத்தவர் கதி என்ன? வரலாற்றில் அப்படி நடந்ததுண்டா?

நடந்திருக்கிறது, அதுவும் நீதிமன்ற முத்திரையோடு. கேள்வியைப் பார்த்தால் நீங்களும் யாருக்கோ கைமாற்று கொடுத்துவிட்டு வயிறெரிகிறீர்கள் போல. நானும் அந்தக் கோஷ்டிதான்.

டப்ளினுக்கு வேலைக்கு வந்த புதிதில், ஊரில் மனை வாங்க ஒரு சொந்தக்காரருக்குப் பணம் அனுப்பினேன். சொந்தத்துக்குள் வட்டி பேசக்கூடாது என்று அம்மா வாயை அடைத்துவிட்டார். பல வருடம் கழித்து அசலை மட்டும் கணக்கில் போட்டுவிட்டு, "ஒத்த ரூபா குறையல, எண்ணிப் பாத்துக்க மாப்ள" என்றார். அந்த மனை இன்றைக்கு என்ன விலை போகும் என்று கேட்காதீர்கள், ரத்தக்கொதிப்பு ஏறும்.

அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் இங்கே கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தில் அயர்லாந்து மேல் படையெடுத்து வந்த நார்மன்காரர் ஸ்ட்ராங்போ பிரபுவின் கல்லறையைப் பார்த்தேன். கவசம் பூண்ட வீரன் ஒருவன் கல்லில் படுத்திருப்பான்; பக்கத்திலேயே அரை உடம்போடு சின்னதாய் இன்னொரு உருவம். அந்தக் காலத்து வணிகர்கள் கடனை எண்ணிக் கொடுக்கும் இடம் அதுதான். லண்டனில் கில்பர்ட் என்பவரிடம் சரக்கு வாங்கிய அயர்லாந்தின் ட்ரோஹடா ஊர் வணிகர் பிரெட்டும் அங்கே வைத்து 100 பவுண்டு, "இங்கிலாந்தின் செல்லத்தக்க ஸ்டெர்லிங் பணமாக" தருவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்.

தவணைக்கு முன்பே, 1601 மே மாதம், எலிசபெத் ராணி அயர்லாந்துக்கென்று புதுக் காசு விட்டார். பன்னிரண்டு பங்கில் மூன்றே பங்கு வெள்ளி, மீதி செம்பு. அயர்லாந்தில் எதிர்த்துக் கிளம்பிய ஹியூ ஓநீல் என்ற பிரபுவோடு நடந்த போரில் படைக்குச் சம்பளம் கொடுத்து மாளவில்லை. பிரெட் அந்தக் காசை நீட்டினார், கில்பர்ட் வாங்க மறுத்தார். வழக்கு அடுத்து வந்த முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் முடிந்தது: எது பணம், அதன் மதிப்பு என்ன என்பதெல்லாம் அரசரின் உரிமை, கொடுத்தது செல்லும். அயர்லாந்தில் அரசு வழக்கறிஞராக இருந்த ஜான் டேவிஸ் பதிவு செய்து வைத்த இந்தத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1884இல்கூட எடுத்துக் காட்டியது. என் சொந்தக்காரருக்கு இது தெரிந்தால் பிரேம் போட்டு மாட்டிக்கொள்வார்.

'எட்டாம் ஹென்றி இங்கிலாந்திலும்தானே வெள்ளியைக் குறைத்தார், அயர்லாந்துக்கு மட்டும் என்ன தனி ஒப்பாரி' என்று பின்னூட்டத்தில் சிலர் வருவீர்கள். தெரியும் ஐயா. இங்கிலாந்துக் காசை 1560-61இல் திரும்ப உருக்கி நல்ல வெள்ளியாக்கியவர் இதே எலிசபெத்தான். கேடு என்று நன்றாகத் தெரிந்தும் நாற்பது வருடம் கழித்து அதையே கடல் தாண்டி அயர்லாந்துக்கு அனுப்பினார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் அயர்லாந்துக்காரன் இல்லை, எனக்கு இதில் அரசியலும் இல்லை.

அடுத்த கூத்து 1689. பதவி பறிபோன இரண்டாம் ஜேம்ஸ் டப்ளினில் உட்கார்ந்துகொண்டு பழைய பீரங்கி, மணி, சட்டி பானை என்று கிடைத்ததையெல்லாம் உருக்கிக் காசு அடித்தார். 'கன்மணி' (gun money, பீரங்கிக் காசு) என்பது அதுதான். பல பழைய அடமானக் கடன்கள் இந்தப் பித்தளையில்தான் அடைபட்டன. பாய்ன் ஆற்றுச் சண்டையில் ஜேம்ஸ் தோற்றதும், அவரை வென்ற புது அரசர் மூன்றாம் வில்லியம் இந்தக் காசின் மதிப்பைக் குறைத்தார். 30 பென்னி என்று அடித்த பெரிய அரைக் கிரவுன் ஒரே பென்னி ஆனது. வாங்கி வைத்தவன் தலையில் துண்டு. வில்லியம் கட்சிக்காரர்கள் பிற்காலத்தில் மதுக் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் 'பித்தளைக் காசிலிருந்து நம்மைக் காத்தவர்' என்று அவரை வாழ்த்துவார்களாம்.

என்னிடம் ஒரு கன்மணி ஷில்லிங் இருக்கிறது. கிரீடம், குறுக்கே இரண்டு செங்கோல், மேலே ரோமன் எண்ணில் 12, அடியில் மாதம். செப்டம்பருக்கு 7, டிசம்பருக்கு 10 என்று எண் போட்டிருப்பார்கள். அப்போது மார்ச் 25இல்தான் புது வருடம். அதனால் ஒரே மார்ச் மாதக் காசில் 1689உம் உண்டு, 1690உம் உண்டு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எனக்கு விற்ற புண்ணியவான் 'சுத்தம் செய்து தருகிறேன்' என்று பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் மாத எழுத்து பாதி போய்விட்டது. காசில் பாசி பிடித்திருந்தாலும் பரவாயில்லை, பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் மாதத்தைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.