ஃபேஸ்புக் வழி நுழைவு நின்றுவிட்டால் கட்டிய சந்தா என்னாகும்?

கேள்வி: ஆரி எம்ப்ராய்டரி கற்றுத்தரும் ஓர் இணையதளத்துக்கு ஓராண்டுச் சந்தாவாக 3,600 ரூபாய் கட்டியிருக்கிறேன். எப்போதும் ஃபேஸ்புக் பொத்தானை அழுத்தித்தான் உள்ளே போவேன். தனியாகக் கடவுச்சொல் கிடையாது. சென்ற மாதம் அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். கேட்டால், புதுக் கணக்குத் தொடங்கி மறுபடியும் பணம் கட்டச் சொல்கிறார்கள். இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: மறுபடியும் பணம் கட்ட வேண்டாம், புதுக் கணக்கும் இப்போதைக்கு வேண்டாம். பொத்தான் ஃபேஸ்புக்குடையதாக இருந்தாலும், உங்கள் கணக்கும் சந்தா விவரமும் அந்த இணையதளத்திடம்தான் உள்ளன. முதன்முதலில் நீங்கள் ஒப்புதல் தந்தபோது உங்கள் பெயரும், ஓர் அடையாள எண்ணும், பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரியும் அவர்களுக்குப் போயிருக்கும், கடவுச்சொல் போயிருக்காது. ஆகவே 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்ற இடத்தில், ஃபேஸ்புக்கில் பதிந்திருக்கும் மின்னஞ்சலைக் கொடுத்துப் பாருங்கள். அது நீங்கள் இன்று பயன்படுத்தும் முகவரியாக இருக்க வேண்டும் என்பதில்லை; செல்போன் கடைக்காரர் என்றோ தொடங்கிக் கொடுத்த முகவரியாகவும் இருக்கலாம். ஃபேஸ்புக் அமைப்புகளில் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' பகுதியைத் திறந்தால், இந்தத் தளத்துடன் எந்தெந்த விவரங்களைப் பகிர்ந்தீர்கள் என்பது தெரியும். கைப்பேசி எண்ணை மட்டும் வைத்து ஃபேஸ்புக் கணக்குத் தொடங்கியிருந்தால் மின்னஞ்சல் போயிருக்காது. அப்போது நிறுவனமே பழைய கணக்கில் உங்கள் புதிய முகவரியைச் சேர்த்துத்தர வேண்டும்.

பொத்தானை எடுப்பது அவர்கள் விருப்பம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மதுரை புதுமண்டபத்துத் தையல் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது, தைக்கக் கொடுத்த துணிக்கு யாரும் இரண்டாம் முறை கூலி கேட்டிருக்க முடியாது. பணம் வாங்கிக்கொண்டு பாடத்தைத் தராமலிருப்பது சேவைக் குறைபாடே.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையவழி விற்பனை செய்யும் நிறுவனம் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்கவும் வேண்டும். அவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். யூ.பி.ஐ. மூலம் கட்டியிருந்தால் அந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண், கட்டிய தேதி, ஃபேஸ்புக்கில் உள்ள உங்கள் பெயர் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, பழைய கணக்கைத் திறந்துவிடுங்கள் அல்லது ஐந்து மாதத்துக்கான 1,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்று கேளுங்கள். தொலைபேசியில் பேசியது பின்னால் சான்றாக நிற்பது கடினம்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே புகார் செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டம் என்பதால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை. அதுவரை ஃபேஸ்புக் பட்டியலிலிருந்து அந்தத் தளத்தை நீக்காமல், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.