ஸ்பிரிண்ட் முறையில் முடியும் நாளையும் எஞ்சும் பிழைகளையும் முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

ஸ்பிரிண்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்றுகளில் மென்பொருள் எழுதும் சிறு குழுவால், வேலை என்றைக்கு முடியும், எத்தனை பிழைகள் எஞ்சும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் ஒற்றைத் தேதியாக அல்ல, இந்தத் தேதிக்குள் முடிய இவ்வளவு வாய்ப்பு என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் ஒரு மீன் கம்பெனிக்காக, படகு வாரியாகக் கொள்முதலையும் முன்பணத்தையும் பதியும் செயலியை நாங்கள் ஐந்து பேர் எழுதினோம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும்போது செயலி தயாராக இருக்க வேண்டும். அந்த நாள் யாருக்காகவும் தள்ளிப்போகாது. மார்ச் 8 அன்று எண்ணியபோது ஏழு ஸ்பிரிண்டுகளும், ஸ்டோரி எனப்படும் சிறு வேலைத் துண்டுகள் 36-உம் மிச்சமிருந்தன.

அதற்கு முந்தைய எட்டு ஸ்பிரிண்டுகளில் நாங்கள் முடித்தவை 7, 4, 6, 9, 3, 6, 5, 8. சராசரி ஆறு என்பதால் ஆறு ஸ்பிரிண்ட் போதும் என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இந்த எட்டு எண்களிலிருந்து குலுக்கல் போல எடுத்துக் கூட்டுவதைக் கணினியில் பத்தாயிரம் முறை செய்யும் மான்டே கார்லோ முறையில் பார்த்தால், ஆறு ஸ்பிரிண்டில் முடிய ஏறக்குறைய பாதி வாய்ப்புதான் உண்டு. ஏழில் முடிய பத்துக்கு ஒன்பது. ஆனால் ஸ்பிரிண்டுக்கு ஒரே ஒரு புதிய கோரிக்கை சேர்ந்தாலும், ஏழில் முடியும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்தக் கணக்கைக் காட்டிய பிறகுதான், புதிதாக ஒன்று வந்தால் பழையதில் ஒன்றை எடுத்துவிடுவது என்று கம்பெனி உரிமையாளர் ஒப்புக்கொண்டார்.

சோதனை முடியாத ஸ்டோரியை முடிந்ததாக எண்ணாதீர்கள். அது பிழையாகத் திரும்பி வந்து அடுத்த ஸ்பிரிண்டைத் தின்னும், உங்கள் எட்டு எண்களும் பொய்யாகிவிடும்.

தரத்துக்கு, கடலிலும் குளத்திலும் மீன்வளத்தை மதிப்பிடப் பயன்படும் ஒரு முறையே உதவியது: பிடித்த மீனுக்கு அடையாளமிட்டு விட்டுவிட்டு, மறுமுறை பிடிப்பதில் அடையாளமுள்ளவை எத்தனை என்று பார்ப்பது. அந்த ஏழில் ஐந்தாம் ஸ்பிரிண்டின் முடிவில் இருவர் தனித்தனியே சோதித்தார்கள்; முதலாமவர் கண்ட பிழைகளே இங்கே அடையாளமிட்ட மீன்கள். ஒருவர் 20 பிழைகள் கண்டார், மற்றவர் 15. இருவரும் கண்டவை 10. இருபதைப் பதினைந்தால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் மொத்தம் 30 என்று வருகிறது. இருவரும் சேர்ந்து கண்டவை 25 (20 + 15 − 10) என்பதால் இன்னும் குறைந்தது ஐந்து ஒளிந்திருக்க வேண்டும். 'குறைந்தது' என்று சொல்லக் காரணம், எளிய பிழைகள் இருவர் கண்ணிலும் படும் என்பதால் இந்தக் கணக்கு பெரும்பாலும் குறைத்தே காட்டும்; இருவரும் பேசிக்கொண்டால் இன்னும் குறையும்.

அந்த ஐந்தைத் தேட, மாதாந்திர அறிக்கை தொடர்பான இரண்டு ஸ்டோரிகளை உரிமையாளரிடம் கேட்டுத் தள்ளிவைத்தோம். நான்கு கிடைத்தன. நான்கும், கொள்முதல் தொகையிலிருந்து முன்பணத்தைக் கழிக்கும் இடத்திலேயே இருந்தன.