ஈரோடு – கோவை பாதையில் கூட்ஸ் வண்டியை எங்கே நின்று, எப்போது படம் எடுக்கலாம்?

கேள்வி இதுதான்: "கூட்ஸ் வண்டிக்கு டைம்டேபிள் கிடையாது. ஈரோடு – கோவை பாதையில் மணிக்கணக்காகக் காத்திருந்தும் நல்ல படம் ஒன்றுகூடச் சிக்கவில்லை. எப்படி எடுப்பது?"

கூட்ஸுக்கென்று டைம்டேபிள் இல்லைதான். ஆனால் பயணிகள் வண்டிகளின் டைம்டேபிளை வைத்தே அதைப் பிடித்துவிடலாம். பின்னால் எக்ஸ்பிரஸ் நெருங்கி வந்தால், கூட்ஸை ஊத்துக்குளி, சோமனூர் மாதிரி ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் லூப் லைனில், அதாவது மெயின் பாதையிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் பக்கத் தடத்தில், ஒதுக்கிவிடுவார்கள். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று எக்ஸ்பிரஸ் வரும் நேரத்தைப் பார்த்து, முதல் வண்டிக்கு அரை மணி முன்னாலேயே போய் நில்லுங்க. தடம் பிரியும் இடமான பாயின்ட்டைத் தாண்டி லூப்புக்குள் நுழையும்போது கூட்ஸின் வேகம் 30 கிலோமீட்டரோ அதற்கும் குறைவோதான் இருக்கும். புதிதாக எடுப்பவருக்கு இதைவிட வசதியான வேகம் கிடைக்காது.

எக்ஸ்பிரஸ் தாண்டிய கையோடு கேமராவை மூடிவிடாதீங்க. அது முன்னால் போய்ப் பாதை காலியான பிறகுதான் லூப்பிலிருந்து கிளம்ப அனுமதி தரும் ஸ்டார்ட்டர் சிக்னல் சிவப்பிலிருந்து மாறும். மாறியதும் ஹாரன் கேட்கும். முன் வேகன்களின் கப்ளிங் (வேகன்களை இணைக்கும் கொக்கி) ஒவ்வொன்றாக இழுபடும் சத்தம் கடகடவென்று பின்னோக்கி ஓடும். ஐம்பது அறுபது வேகன் கோத்த ரேக் (வேகன் தொடர்) அசைந்து வேகமெடுக்க நேரம் பிடிக்கும். நிதானமாகப் பத்துப் படம் எடுக்கலாம்.

கோவை ஜங்ஷனில் போய் நிற்பது பெரும்பாலும் வீண். கேரளா பக்கம் போகிற கூட்ஸ் இருகூரில் பிரிந்து நேராகப் போத்தனூருக்குப் போய்விடும். ஆகவே இருகூருக்குக் கிழக்கே நிற்பதுதான் புத்திசாலித்தனம். டேங்கர் ரேக் வேண்டுமென்றால் இருகூர், அல்லது ஈரோட்டைத் தாண்டி சேலம் பக்கம் உள்ள சங்ககிரி. இரண்டு இடத்திலும் எண்ணெய்க் கிடங்கு இருக்கிறது. நிலக்கரி ரேக்தான் வேண்டுமென்றால் இந்தப் பாதையை விட்டுவிட்டு ஓமலூர் – மேட்டூர் அணை பாதைக்குப் போங்க. அனல்மின் நிலையத்துக்கு வரும் பாக்ஸ்என் என்ற மேல்மூடி இல்லாத வேகன்களை அங்கே பார்க்கலாம்.

வெளிச்சத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஈரோட்டிலிருந்து கோவைக்குப் பாதை மொத்தத்தில் மேற்கு–தென்மேற்காகப் போகிறது. அதனால் ஈரோடு போகிற வண்டியின் முகத்தில் காலை வெயிலும், கோவை போகிற வண்டியின் முகத்தில் சாயங்கால வெயிலும் விழும். அடுத்தது எந்தப் பக்கம் நிற்பது. மார்கழிக் காலையில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் தெற்குப் பக்கம் நின்றால் ஈரோடு வண்டியின் முகம், விலா இரண்டிலும் வெயில் இருக்கும். ஆனி மாதச் சாயங்காலம் இதற்கு நேர் எதிர்: வடக்குப் பக்கம் நின்று கோவை வண்டியை எடுக்கணும். நம் ஊர் அட்சரேகையில் ஏறக்குறைய ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 22 வரை உச்சி வெயிலே வடக்கில்தான் இருக்கும். அந்த நான்கு மாதமும் வழக்கம்போல் தெற்கே நின்றால் வண்டி நிழலில் கறுத்துப்போகும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நம் இரட்டைப் பாதையில் வண்டிகள் இடப்புறமாகப் போகும். கோவை போகும் தடம் தெற்கில், ஈரோடு போகும் தடம் வடக்கில். மேலே சொன்ன இரண்டு நல்ல வெளிச்சத்திலும் நமக்கு வேண்டிய வண்டி தூரத்துத் தடத்தில்தான் வரும். அந்த நொடி பார்த்து நடுவில் வேறொரு வண்டி வந்து மறைத்தால் போச்சு. அதற்கு மருந்து எதுவும் இல்லை. எதிர்த்திசை வண்டிகளின் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

ஷட்டர் கணக்கு சுலபம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் ஓடும். 1/500 நொடியில் எடுத்தால் அந்த நேரத்துக்குள் 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். நம்மை நோக்கிச் சாய்வாக வரும் வண்டிக்கு அது போதும். பக்கவாட்டில் எடுத்தால் எஞ்சின் நம்பர் கலங்கிவிடும், 1/1000 வைங்க. வேகம் தெரியும்படி கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுப்பதென்றால் 1/60-இலிருந்து பழகலாம். எஞ்சினின் முன்விளக்கு கேமராவின் வெளிச்சக் கணக்கைக் குழப்பி, மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். ஆகவே வண்டி வருவதற்கு முன்பே தரையையும் ஜல்லியையும் பார்த்து மேனுவலில் வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்க. செல்போனில் என்றால் ஜல்லியைத் தொட்டு அழுத்திப் பிடித்து லாக் செய்தால் போதும்.

பாதையோர மின்கம்பங்கள் தொந்தரவு தரும். வண்டியின் முகம் ஒரு கம்பத்தைத் தாண்டி, அடுத்த கம்பத்துக்கு வருமுன் அழுத்தணும். முதலிலேயே எந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் என்று முடிவு செய்துகொண்டு அங்கேயே ஃபோகஸ் வைத்துவிடலாம். மேலே கம்பியைத் தொடும் பேன்டோகிராஃப் வெட்டுப்படாமல் இடம் விடுங்க. அது இல்லாத வேக்-9 (கூட்ஸ் இழுக்கும் மின்சார எஞ்சின்) தலைப்பாகை கழன்ற மாப்பிள்ளை மாதிரி இருக்கும். காலை பத்து மணிக்கு மேல் 200 எம்எம் லென்ஸில் தூரத்து வண்டியை எடுத்தால், ஜல்லிச் சூட்டில் படம் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் நெளியும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டி பக்கத்தில் வரட்டும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாகணும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கோவைப் பக்கமிருந்து வரும் வண்டியின் சத்தம் முன்னாலேயே கேட்கும். ஈரோட்டுப் பக்கமிருந்து வரும் மின்சார எஞ்சின் பக்கத்தில் வரும் வரை காதில் விழாது. காதை நம்பாதீங்க, இரண்டு பக்கமும் பாருங்க. மேலே ஓடுவது 25,000 வோல்ட். நடைமேம்பாலத்தில் நின்று செல்ஃபி ஸ்டிக், மோனோபாடு (கேமராவைத் தாங்கும் ஒற்றைக் கால்) எதையும் கம்பிப் பக்கம் நீட்டக்கூடாது. தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். பாதையோரம் இறங்கினால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எட்டிமடை – வாளையார் காட்டுக்குள் படத்துக்காக நுழைவதே வேண்டாம். யானை நடமாடும் இடம், வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி, ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்க. ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) காரர் கேமராவை எடுத்து வைக்கச் சொன்னால் வாதாடாமல் எடுத்து வைங்க.

கடைசி வேகன் போகும்வரை கையை இறக்க வேண்டாம். கடைசியில் வரும் கார்டு பெட்டியான பிரேக் வேனும், 'இதுதான் கடைசி வண்டி' என்று காட்ட அதன் பின்னால் தொங்கும் 'எல்வி' பலகையும் சேர்ந்த படம் பலரிடம் இருக்காது. எஞ்சின் நம்பரும் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஷெட் (எஞ்சினைப் பராமரிக்கும் பணிமனை) பெயரும் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் தனியாக எடுத்து, நேரத்தையும் ஸ்டேஷனையும் அன்றைக்கே குறித்து வைங்க. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாப் பச்சை எஞ்சினும் ஒரே மாதிரிதான் தெரியும்.