சின்ன கேம்பர் டிரெய்லர்ல சிங்க்குக்கு கீழ தண்ணி ஒழுகுது, எம்-சீல் போட்டா நிக்குமா?

கேள்வி கேட்டவர் சொல்லிருக்கறது: கார் பின்னாடி இழுத்துட்டுப் போய் உள்ளயே தங்குற சின்ன டிரெய்லர், உள்ள ஒரு சிங்க், ஒரு ஷவர், அடியில டேங்க், 12 வோல்ட் பம்ப், குடும்பத்தோட தனுஷ்கோடி வரைக்கும் வரணும். அதுக்கு ஒருத்தர் "மதுரைலயே எல்லாத்தையும் முடிச்சிட்டு கிளம்புங்க, ராம்நாடு தாண்டிட்டா இதெல்லாம் தெரிஞ்ச ஆளு கிடைக்க மாட்டான்"னு பதில் போட்டிருக்காரு. அந்த ஒரு வரிக்காகத்தான் உக்காந்து எழுதுறேன். நான் மண்டபம் பக்கத்துல வேதாளைக்காரன், எங்க அத்தா காலத்துல இருந்து படகு இன்ஜின் வேலை, தண்ணி லைன் வேலை எல்லாம் பாக்குறோம். சர்டிபிகேட் வாங்குன பிளம்பர் இல்ல, அதை முன்னாடியே சொல்லிடுறேன், அப்புறம் யாரும் வந்து கேக்க வேணாம்.

எம்-சீல் போடாதீங்க. வீட்டுல சுவத்தோட ஒட்டி அசையாம நிக்கிற பைப்புக்கு அது சரி. காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும், ஓடுற வண்டியில ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் பைப்பு ஆடும்போது அது விரிசல் விட்டுரும். வீட்டு பிளம்பிங் வேற, ஆடுற ஒண்ணுக்குள்ள போடுற பிளம்பிங் வேற. ரெண்டாவதத்தான் நாங்க வல்லத்துலயும் விசைப்படகுலயும் காலங்காலமா செஞ்சுக்கிட்டு இருக்கோம்.

போன கச்சான் காத்து (மேல்காத்து) சீசன்ல அரியமான் பீச் பக்கம் சவுக்கு மரத்தடியில ஒரு டிரெய்லர் நின்னுச்சு. ரிட்டயர்டு ஆன சாரும் அவங்க வீட்டம்மாவும், கோயம்புத்தூர் பக்கம். சாருக்கு ராத்திரி தூக்கமே இல்ல, ஏன்னா யாரும் டேப்பை தொறக்காமலே பம்ப் திடீர்னு டுர்ருனு ஓடி நிக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப ஓடும். சிங்க்குக்கு கீழ ஈரம். வண்டியை கட்டிக்குடுத்த ஒர்க்‌ஷாப்லயே சிங்க்குக்கு கீழ இருக்க எல்லா ஜாயின்ட்லயும் எம்-சீல் அப்பி, அதுக்கு மேல இன்னொரு தடவை அப்பி வச்சிருந்தாங்க. காசும் வாங்கிட்டாங்க. யாருன்னு சொல்ல மாட்டேன்.

நான் முதல்ல செஞ்சது எல்லாத்தையும் துணி வச்சு துடைச்சு காய விட்டதுதான். அப்புறம் அந்தம்மாகிட்ட முகத்துக்குப் போடுற பவுடர் வாங்கி பைப்பு போற வழி, பிளைவுட் தரை எல்லாத்துலயும் தூவிட்டு பம்பை ஆன் பண்ணேன். தண்ணி ஓடுன தடம் பவுடர்ல கோடு போட்ட மாதிரி தெரியும். கோடு சிங்க்குக்கு கீழ ஆரம்பிக்கவே இல்ல, சீட்டுக்கு அடியில பலகைக்குப் பின்னாடி பம்ப் வச்சிருந்த இடத்துல ஆரம்பிச்சு, வண்டி சாஞ்சு நின்ன பக்கமா ஓடி சிங்க்குக்கு கீழ வந்து தேங்கிருக்கு. சொட்டுற இடம் ஒண்ணு, ஒழுகுற இடம் ஒண்ணு. இதைப் பாக்காம சொட்டுற இடத்துல போட்டு பூசிக்கிட்டே இருந்தா என்னைக்கு நிக்கும்?

பம்ப் வெளிநாட்டு சரக்கு. அதோட மரை அமெரிக்க அளவு, என்பிடிம்பாங்க. நம்ம ஊரு ஹார்டுவேர் கடையில கிடைக்கிறது பிஎஸ்பி, அது பிரிட்டிஷ் அளவு. அரை இன்ச்சுல ரெண்டுக்குமே இன்ச்சுக்கு 14 மரைதான், அதனால கையில சுத்துனா அழகா ஏறும், டைட்டான மாதிரியே இருக்கும், ஆனா மரையோட கோணம் ஒண்ணு 60 டிகிரி இன்னொண்ணு 55, உள்ள சந்து இருந்துக்கிட்டே இருக்கும். டெஃப்லான் டேப்பை உருண்டையா சுத்தி அதை அடைக்கப் பாத்திருக்காங்க, வண்டி ரெண்டு தடவை குலுங்குனதும் போச்சு. பம்ப் பாக்ஸ்லயே வாஷரோட ஹோஸ் நிப்பிள் (பம்புல திருகி ஹோஸை மாட்டுற துண்டு) வந்திருக்குமேன்னு கேட்டேன். அந்தம்மா ஸ்பூன் போடுற டிராயர்ல இருந்து ஒரு கவரை எடுத்து, "இது என்னன்னு தெரியல தம்பி, வண்டியோட குடுத்தாங்க"ன்னு நீட்டுனாங்க. அதேதான். அதை கையால டைட் பண்ணி (ஸ்பேனர் போட்டா பிளாஸ்டிக் மரை வெடிச்சிரும்), சிபிவிசி பைப்பை (விறைப்பான பிளாஸ்டிக் பைப்பு) பம்ப் பக்கம் ஒரு அடி வெட்டிட்டு அந்த இடத்துல ஹோஸ் குடுத்தேன். பம்ப் அதிரும், அதுல நேரா விறைப்பான பைப்பை ஒட்டவே கூடாது. குடிக்கிற தண்ணிக்குன்னே விக்கிற ஹோஸ் போடுங்க, செடிக்கு ஊத்துற ஹோஸ் வேணாம். ஒவ்வொரு முனையிலயும் ரெண்டு கிளிப், திருகு எதிரெதிர் பக்கம் வர்ற மாதிரி. படகுல இன்ஜின் கூலிங் தண்ணி ஹோஸுக்கு நாங்க போடுற முறை இது.

இப்ப உங்க வண்டிக்கு வர்றேன். எல்லா டேப்பையும் மூடிட்டு பம்பை ஆன் பண்ணுங்க, பிரஷர் ஏறி தானா நிக்கணும், நின்னபடியே இருக்கணும். திரும்பத் திரும்ப ஓடுனா பிரஷர் லைன்ல (பம்புல இருந்து டேப்புக்குப் போற பைப்புல) ஒழுகல். எங்கயுமே ஈரம் இல்லாம ஓடுனா பம்புக்கு உள்ள இருக்க வால்வு தண்ணிய டேங்குக்கே திருப்பி விடுது, பைப்பை பிரிச்சு பிரயோஜனம் இல்ல. பம்பை ஆஃப் பண்ணி வச்சும் ஈரமாகுதுன்னா டேங்கு, இல்ல டேங்குல இருந்து பம்புக்கு வர்ற ஹோஸ். பாத்திரம் கழுவும்போது மட்டும்னா வேஸ்ட் லைன்.

நெட்ல பாக்குற வெளிநாட்டு வீடியோல பனியில பைப்பு உறைஞ்சு வெடிக்கிறதைத்தான் பெருசா சொல்வாங்க. நமக்கு அந்தத் தொல்லை இல்ல. இங்க வெயில், குலுக்கல், உப்புக்காத்து. வெயில்ல ஹோஸ் இளகி கிளிப் லூஸாகும், வந்து இறங்குனதும் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து ஒரு தடவை டைட் வைங்க. கடையில கிளிப் வாங்கும்போது ஒரு காந்தம் கொண்டு போங்க, பட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கும், திருகு மட்டும் இரும்பா இருக்கும், காந்தம் திருகுல பலமா ஒட்டுனா வைச்சுட்டு வந்துருங்க, 316 (உப்பு தாங்குற ஸ்டெயின்லெஸ் ரகம்) கேளுங்க. உப்புன்னா சும்மா இல்ல, காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) உலோகம் எப்படி அரிக்குதுன்னு பாக்குறதுக்கே மண்டபத்துல தனியா ஒரு நிலையம் வச்சிருக்கு. 2025 ஏப்ரல்ல திறந்த புது பாம்பன் ரயில் பாலத்துக்கே கான்கிரீட்டுக்குள்ள ஸ்டெயின்லெஸ் கம்பிதான் போட்டாங்க.

பெக்ஸ் பைப்புதான் (வளையுற ஒரு வகை பிளாஸ்டிக் பைப்பு) சரின்னு யாராவது வருவீங்க. நல்ல பைப்புதான், வேணாங்கல. ஆனா உச்சிப்புளியில நின்னுக்கிட்டு அதுக்கு ரிங்கும் அதை நெரிச்சு இறுக்குற கிரிம்ப் டூலும் தேடி அலைய முடியாது. ஹோஸுக்கு கத்தியும் ஸ்க்ரூ டிரைவரும் போதும்.

இன்னொண்ணு மனசுல இருக்கு, சொல்லிடுறேன். எந்த ஊர்லயாவது ஒரு ஆபீசர் கோவப்பட்டா "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்"பாரு, அது எங்க மாவட்டம். நிலத்தடி தண்ணி பல இடத்துல உப்புதான். காவிரி கூட்டுக் குடிநீர் வந்தும் முறை வச்சுதான் பிடிக்கிறோம், தள்ளுவண்டியில குடம் அடுக்கி எங்க அம்மா தள்ளுனதை இன்னைக்கு என் வீட்டுக்காரி தள்ளுறா. அதுக்கு வழி சொல்ல வரமாட்டாங்க, ஆளு கிடைக்க மாட்டான்னு எழுத மட்டும் வந்துருவாங்க. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் எங்க வேணா படகு மெக்கானிக் யாருன்னு கேளுங்க, டீக்கடையிலயே கை காட்டுவாங்க. கூலியை மட்டும் வாஷர் விலையோட சேத்துப் பாக்காதீங்க.

வண்டி ஓடும்போது பம்ப் சுவிட்சை ஆஃப்ல வைங்க. வழியில ஒரு ஹோஸ் கழண்டாலும் டேங்க் பூரா தரைக்குப் போகாது, பிளைவுட்டும் தப்பிக்கும்.