அக்கம்பக்கத்துப் பூனைகள் தோட்டப் பாத்திகளைக் கிளறாமல் தடுப்பது எப்படி?

விதைத்த பாத்திகளை அக்கம்பக்கத்துப் பூனைகள் தோண்டிக் கழிப்பிடமாக்கிவிடுகின்றன. அவற்றுக்கு எந்தத் தீங்கும் நேராமல் தோட்டத்திலிருந்து விலக்கி வைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. மூன்று ஆண்டுகள் இதே தொல்லையோடு போராடி, செய்யக்கூடாத சிலவற்றையும் செய்து பார்த்த பிறகே அந்த வழி எனக்குப் பிடிபட்டது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பூனை உங்கள் செடிகளைத் தேடி வருவதில்லை. நீங்கள் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி வைத்திருக்கும் மண்ணைத் தேடித்தான் வருகிறது. கழிவைப் புதைப்பது அதன் இயல்பு. அதற்குக் காலால் எளிதில் தள்ளக்கூடிய, உலர்ந்த, இளகிய மண் வேண்டும். ஒரு நாள் விடிவதற்குச் சற்று முன்பு சன்னலோரம் அமர்ந்து பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. சாம்பல் நிறப் பூனை ஒன்று மதிலிலிருந்து இறங்கி, ஈரமாக இருந்த கீரைப் பாத்தியை முகர்ந்துவிட்டுக் கடந்து, செடிகள் நெருங்கி நின்ற தக்காளி வரிசையையும் கடந்து, மறுநாள் விதைப்பதற்காக நான் கொத்திச் சமன் செய்து வைத்திருந்த வெறும் பாத்தியின் நடுவில் போய் நின்றது. முன்காலால் நான்கைந்து முறை மண்ணை இழுத்தது, முகர்ந்தது, திரும்பி உட்கார்ந்தது. முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடி, மீண்டும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு வந்த வழியே போயிற்று. அடுத்தடுத்த நாட்களிலும் அதே நேரம், அதே இடம்.

ஆகவே பூனையை விரட்டுவதற்குச் செலவிடும் உழைப்பை மண்ணை மூடுவதற்குச் செலவிடுங்கள். எனக்கு மிக நன்றாகப் பயன்பட்டது கோழிக்கூண்டுகளுக்கு அடிக்கும் கம்பிவலைதான். விரலிரண்டு நுழையும் அளவு கண்களுள்ள வலையைப் பாத்தியின் அளவுக்கு வெட்டி, மண்ணின் மேல் தட்டையாக விரித்து, வளைத்த கம்பிகளை ஓரங்களில் குத்தி இறுக்கி, அதன்மேல் மெல்லிய அளவில் மண் தூவிவிட வேண்டும். வெட்டிய முனைகளைக் கட்டாயம் கீழ்ப்பக்கமாக மடக்கிவிடுங்கள். அவை பூனையின் பாதத்தையும் கிழிக்கும், களை எடுக்கும் உங்கள் கையையும் கிழிக்கும். விதை முளைத்து வலைக்கண்களின் வழியே மேலே வந்துவிடும். தண்டு பருக்கும் செடிகளுக்கு மட்டும் அந்தந்த இடத்தில் வலையைக் கத்தரித்து அகலமான துளை விட வேண்டும். வலை விரித்த மறுநாள் அதே பூனை வந்தது. மண்ணை இழுக்க முயன்றபோது நகம் கம்பியில் தட்டியது. பாதத்தைத் தூக்கி ஒருமுறை உதறிக்கொண்டு, பாத்தியை விட்டு இறங்கிப் போய்விட்டது. அதற்கு வலி எதுவும் இல்லை, அந்த இடம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வலை கிடைக்காவிட்டால், மொட்டையான குச்சிகளை ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக நெருக்கி ஊன்றலாம். பூனை எந்தப் பக்கம் திரும்பினாலும் உட்கார இடம் இல்லாதபடி இருக்க வேண்டும் என்பதே கணக்கு. பெரிய மரப்பட்டைத் துண்டுகளையோ உருண்டைக் கற்களையோ மூடாக்காகப் பரப்புவதும் உதவும். ஆனால் பொடியான மூடாக்கும் மணலும் எதிர்மாறான பலனையே தரும். மாலையில் மேல்மண் ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் நல்லது, ஏனெனில் பூனைகள் அதிகம் நடமாடுவது அந்திக்கும் விடியலுக்கும்தான்.

வலை விரிப்பதற்கு முன்பு பழைய வாசனையை அகற்றியாக வேண்டும். பூனை தன் வாசனை இருக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். கழிவை மண்வெட்டியால் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து அள்ளி, கட்டி அப்புறப்படுத்துங்கள். சுவரிலும் தொட்டிகளிலும் சிறுநீர் பட்டிருந்தால், செல்லப்பிராணிகளின் கறைக்கென்றே விற்கப்படும் நொதி கலந்த கழுவியைப் பயன்படுத்துங்கள். அம்மோனியா கலந்தவை வேண்டாம், அந்த நெடி சிறுநீரின் நெடியையே ஒத்திருப்பதால் பூனை மறுபடியும் அங்கேயே அடையாளம் இடக்கூடும்.

இந்த வேலையைக் கையுறை அணிந்துகொண்டே செய்யுங்கள். பூனையின் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் முட்டைபோன்ற நுண்ணுயிர்க்கூடுகள் இருக்கக்கூடும். எல்லாப் பூனைகளிடமும் எப்போதும் இருக்கும் என்பதில்லை; முதன்முறை தொற்று ஏற்பட்டபின் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரங்கள் வரைதான் பூனை அவற்றை வெளியேற்றுகிறது. வெளியேறிய உடனே அவை தொற்றுவதில்லை. தொற்றும் நிலையை எட்ட 1 முதல் 5 நாட்கள் ஆகும். ஆனால் ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிர்ப்போடு கிடக்க வல்லவை. கழிவை அன்றன்றே அகற்றுவதும், மண்வேலைக்குப் பின் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும், பச்சையாக உண்ணும் காய்கறிகளை நன்றாக அலசுவதும் இதனால்தான் முக்கியமாகின்றன. வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் இந்த வேலையை வேறு யாரேனும் செய்யட்டும். கருவிலுள்ள குழந்தையை இந்தத் தொற்று கடுமையாகப் பாதிக்கக்கூடும்.

இனி, செய்யக்கூடாதவை. இதை எழுத எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. முதல் ஆண்டில், செடி விற்கும் ஒருவரின் பேச்சைக் கேட்டு, பாத்திகளைச் சுற்றி அந்துருண்டைகளைப் போட்டேன். நான்காம் நாள் பக்கத்து வீட்டுக் குழந்தை அவற்றில் ஒன்றை மிட்டாய் என்று எண்ணி வாய்க்குக் கொண்டுபோனது. நான் ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். அன்று மாலையே ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்தேன். அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் மனிதருக்கும் பூனைக்கும் நஞ்சு. யூகலிப்டஸ், ஆரஞ்சுத்தோல் போன்றவற்றின் வாசனை எண்ணெய்களைத் தெளிக்கச் சொல்வார்கள். மற்ற விலங்குகள் கல்லீரலில் எளிதாகச் சிதைத்துவிடும் பல சேர்மங்களைப் பூனையால் அவ்வாறு சிதைக்க முடியாது என்பதால், பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே அது நோய்ப்படலாம். மிளகாய்த்தூள் அதன் கண்ணிலும் பாதத்திலும் எரிச்சலை உண்டாக்கும், காப்பிச் சக்கையில் உள்ள கஃபீனும் அதற்கு நஞ்சு. தெளித்த எண்ணெயும் தூவிய தூளும் ஒரு மழைக்கே அடித்துப்போகிறவை என்பது வேறு.

அசைவை உணர்ந்து தண்ணீர் பீய்ச்சும் கருவிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியை எழுப்பிப் பூனையை விரட்டும் கருவிகளைப் பற்றி எனக்கு அத்தனை நம்பிக்கை இல்லை. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், பூனையின் காது 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது உண்மைதான். அந்த ஒலி பூனைகளின் வருகையைக் குறைக்குமே தவிர நிறுத்திவிடாது.

இன்னொரு சிறு செய்தி. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று நம் முன்னோர் பெயரிட்டது காரணத்தோடுதான். அதன் வேரின் வாசனை பூனையை மயக்கி இழுக்கும். அதைக் களையாகப் பிடுங்கினால் வேரோடு பாத்தியோரம் போட்டுவைக்காதீர்கள்.

மண்ணை மூடியபின் அந்தப் பூனை எங்கே போகும் என்ற கேள்வியையும் நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நான் மதிலோரம், புதர் மறைவில், முழங்கை நீள அகலத்துக்கு ஓர் ஆழமான பெட்டியில் உலர்ந்த மணலை நிரப்பி வைத்தேன். பாத்தியிலிருந்து அள்ளிய பழைய மண்ணில் ஒரு கைப்பிடியை முதல் நாள் அதில் கலந்தேன், வாசனை வழிகாட்டட்டும் என்று. ஒரு வாரத்துக்குள் சாம்பல் பூனை அங்கே போகத் தொடங்கியது. மழை படாமல் மேலே ஒரு தகடும், அன்றாடம் அள்ளிச் சுத்தம் செய்யும் பொறுமையும் இருந்தால் போதும். அழுக்கான மணலைப் பூனை புறக்கணித்துவிட்டு மீண்டும் பாத்திக்கே வரும்.

கடுவன்கள் சுவரிலும் செடியிலும் சிறுநீரைப் பீய்ச்சுவது வேறு சிக்கல். அதற்கு வலையும் மணலும் உதவா. கருத்தடை அறுவை சிகிச்சைதான் தீர்வு. அதன்பின் பெரும்பாலான கடுவன்கள் பீய்ச்சுவதையும் சண்டையிடுவதையும் வெகுவாகக் குறைத்துவிடும். பெண் பூனை ஐந்தாறு மாத வயதிலேயே சினைப்படக்கூடும், சினைக்காலமோ சுமார் 9 வாரங்கள்தான் என்பதால், தள்ளிப்போடத் தள்ளிப்போட எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். பூனைக்கு உணவு வைக்கும் பக்கத்து வீட்டம்மாவிடம் நான் முதலில் குறை சொல்லத்தான் போனேன். "அதுங்களுக்கு வேற எங்கப்பா இடம் இருக்கு?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பிறகு இருவரும் சேர்ந்தே இரண்டு பூனைகளைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். பிடித்துக்கொண்டுபோய் எங்கேனும் விட்டுவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள்; காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வந்து சேரும், கொண்டுபோய் விடப்பட்டது உணவும் ஒதுங்கிடமும் தெரியாமல் தவிக்கும்.

வலையை எப்போது எடுக்கலாம் என்றால், இலைகள் விரிந்து பாத்தியில் வெறும் மண் கண்ணில் படாத நாளில் எடுக்கலாம். வேர் வலையோடு பின்னிக்கொண்டிருந்தால் இழுக்காமல் அறுவடை வரை விட்டுவிடுங்கள். அடுத்த விதைப்புக்கு மண்ணைக் கொத்திய அன்றே, மாலை சாய்வதற்குள், அதை மீண்டும் விரித்துவிடுங்கள்.